கட்டணம் 47,200 ரூபாய்: ஜெர்மனிக்கு மகளை அனுப்ப நாங்கள் நாடிய ஆலோசனை நிறுவனத்தைப் பற்றி

கோவை காந்திபுரத்துக்கு அருகில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இயங்கிவரும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றின் சேவையை, என் மகளின் மேற்படிப்புக்காக 2024 ஆகஸ்ட் முதல் 2025 செப்டம்பர் வரை பயன்படுத்தினோம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. எங்களுக்கு உண்மையாக உதவிய இளம்பெண் ஒருவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நான் எழுதுவது அவருக்கு இடைஞ்சலாக முடிந்துவிடக் கூடாது. ஆனாலும் நடந்ததை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கத்துப் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிப்படியில் ஏறுவதை ஓராண்டாகப் பார்த்திருக்கிறேன். எந்த வேலைக்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது அவர்களில் பலருக்கு ஏறும்போது தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். மகள் கோவையில் நெசவுத் தொழில்நுட்பம் படித்து 2024 மே மாதம் முடித்தாள். பிறகு திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தாள். ஜெர்மனியை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் சில நூறு யூரோ பருவக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆசிரியர் சம்பளத்திலும் மூன்று ஏக்கர் மஞ்சள் வெள்ளாமையிலும் நடக்கும் குடும்பத்துக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் எட்டாத தொலைவில் இருந்தன.

நிறுவனம் கேட்ட கட்டணம் 40,000 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 47,200 ரூபாய். சேரும்போது பாதி, சேர்க்கைக் கடிதம் வந்ததும் பாதி என்பது ஏற்பாடு. இந்தத் தொகையை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையை அவர்கள் செய்த விதம் அதற்கு ஈடானது. முதலில் அந்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெயரே ஒரு சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏறியிருக்கும். மகளுக்கு மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஆவணப் பிரிவில் இருந்த அந்த இளம்பெண், தாராபுரத்துக்காரர், நாங்கள் கொண்டுபோன கோப்பைத் திறந்து மூன்று தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் மூன்று பெயர்களுக்கும் அடியில் கோடு போட்டார். “டீச்சர், பாஸ்போர்ட்டுல பேரு எப்புடி இருக்குதோ, அதேதான் இனி எல்லாத்துலயும் வரோணும்ங்க. ஒரு எழுத்து மாறுனாலும் அங்க வேற ஆளுன்னு நினைச்சுக்குவாங்க” என்றார். மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுக்கச் சொன்னதும், விமானச்சீட்டு வரை எல்லாப் படிவங்களிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை நிரப்ப வைத்ததும் அவர்தான். நாங்களாகவே செய்திருந்தால் முதல் படிவத்திலேயே முன்னெழுத்தை எழுதியிருப்போம்.

ஏ.பி.எஸ். சான்றிதழ் விஷயத்திலும் அவர் கை நேர்த்தியானது. இந்தியாவில் படித்தவர்களின் கல்விச் சான்றுகள் உண்மையானவையா என்று சரிபார்த்துக் கொடுக்கும் அமைப்பு அது, புதுதில்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மானிய மாணவர் விசா கேட்பதற்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் ஆகிவிட்டது. அப்போது கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லா மதிப்பெண் பட்டியல்களின் சான்றொப்பமிட்ட நகல்களையும் வரிசைப்படுத்திக் கூரியரில் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு பருவத்தின் பட்டியல் விடுபட்டாலும் கோப்பு அப்படியே நின்றுவிடும். மகளின் ஐந்தாம் பருவப் பட்டியலில் பின்பக்கத்தை நகல் எடுக்காமல் விட்டிருந்தோம். மதிப்பெண் முறையின் விளக்கம் அந்தப் பின்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருந்தது. அதை அவர் கண்டுபிடித்து, அன்றைக்கே கீழே போய் நகல் எடுத்து வரச் செய்தார். நவம்பரில் அனுப்பிய கோப்புக்கு ஒரு கேள்வியும் வராமல் சான்றிதழ் வந்து சேர்ந்தது.

இனி நிறைவில்லாத பகுதிக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று தேர்ந்தெடுத்துத் தருவது இந்த நிறுவனத்தின் மைய வேலை என்று விளம்பரத்தட்டியில் எழுதியிருக்கிறார்கள். டிசம்பரில் எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன. நான்கு, பெர்லினிலும் பிற நகரங்களிலும் உள்ள தனியார் கல்லூரிகள். ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம். படிப்புகளோ ஆடை வணிக மேலாண்மை, பொது மேலாண்மை என்ற வகை. நெசவுத் தொழில்நுட்பம் படித்த பெண்ணுக்கு நெசவுத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் இடம் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

ஜெர்மனியில் அத்தகைய இடங்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நெசவு எந்திரவியலுக்கென்றே ஆராய்ச்சி நிறுவனங்கள் உண்டு. நீடர்ரைன் பல்கலைக்கழகத்தின் நெசவு மற்றும் ஆடைத் தொழில்நுட்பத் துறை மொன்ஷன்கிளாட்பாக் நகரில் இருக்கிறது. ராய்ட்லிங்கனிலும் ஹோஃப் பல்கலைக்கழகத்தின் மியூன்ச்பெர்க் வளாகத்திலும் நெசவுக் கல்வி நடக்கிறது. திருப்பூருக்கும் கரூருக்கும் சோமனூருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கல்வி ஆலோசனை சொல்கிறவர்களுக்கு இந்த ஐந்து பெயர்களும் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். மகள் இவற்றை டி.ஏ.ஏ.டி. எனப்படும் ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையத்தளத்தில் இரண்டு இரவுகள் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே தேடுவதற்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

பட்டியல் ஏன் அப்படி இருந்தது என்பதை மேலாளரிடமே கேட்டேன். நேரான பதில் வரவில்லை. பிறகு விசாரித்தபோது விளங்கியது: தனியார் கல்லூரிகள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கழிவுத்தொகை கொடுக்கின்றன, அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. தனியார் கல்லூரி எல்லாமே தவறானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா என்பதை ஜெர்மானிய அரசுத் தரப்பின் அனபின் என்ற தரவுத்தளத்தில் எவரும் பார்க்கலாம். எச் பிளஸ் என்று குறியிட்டிருந்தால் அங்கீகாரம் உண்டு. எங்களுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதையே நிறுவனம் சொல்லவில்லை.

இரண்டாவது குறை மதிப்பெண் கணக்கில். ஜெர்மனியில் 1 என்பது உச்ச மதிப்பெண், 4 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. நம் ஊர்ப் புள்ளிகளை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. உச்சப் புள்ளியிலிருந்து மாணவர் பெற்ற புள்ளியைக் கழித்து, அதை உச்சப் புள்ளிக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். மகளின் புள்ளி 10-க்கு 8.1, அவள் கல்லூரியில் தேர்ச்சிக்கான குறைந்த புள்ளி 5. கணக்குப் போட்டால் 2.14 வருகிறது. நிறுவனத்தின் தாளில் 2.43 என்று எழுதி, “அரசுப் பல்கலைக்கழகம் கஷ்டம்” என்று பக்கத்தில் குறித்திருந்தார்கள். தேர்ச்சிப் புள்ளியை எல்லோருக்கும் 6 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2.5 வரை ஏற்றுக்கொள்ளும் படிப்புகள் பல உண்டு. அதைவிடக் கடுமையாக வரம்பு வைக்கும் படிப்புகளும் உண்டு. அந்த இடத்தில் 2.14-க்கும் 2.43-க்கும் உள்ள வேறுபாடு ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானித்துவிடும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் போட்டுக் காட்டிய பிறகு திருத்திக்கொண்டார்கள். கணக்குத் தெரியாத ஒரு தாய் அல்லது தந்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அன்று பேருந்தில் வீடு திரும்பும் வரை என்னை விடவில்லை.

விண்ணப்பக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று மாணவர் தாமே எழுதும் கடிதம் அது. நிறுவனத்தில் ‘நாங்களே எழுதித் தருகிறோம்’ என்றார்கள். ஜனவரியில் வந்த கடிதத்தின் முதல் வரி, சிறு வயது முதலே தனக்குத் தொழில்நுட்பத்தின் மீது தீராத ஆர்வம் இருந்ததாகத் தொடங்கியது. மகளுடன் அதே வாரம் சேர்ந்த பல்லடத்துப் பையன் ஒருவனுக்கும், அவன் எந்திரவியல் மாணவன், அதே வரிதான் வந்திருந்தது. இருவரும் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்று பத்திகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

என் தந்தை, மகளுக்கு அப்புச்சி, சென்னிமலையில் கைத்தறி நெசவாளர். மகள் ஐந்து வயதில் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தார்க்குச்சிகளை நிறம் பிரித்து அடுக்கிக் கொடுத்தவள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியின் சத்தம் மாறுவதை, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, அடுத்த அறையில் இருந்தபடி காதால் கண்டுபிடித்து, “அப்புச்சி, அந்துபோச்சு” என்று சத்தம் போடுவாள். அவர் கால்மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அறுந்த இழையைத் தேடி எடுத்து, எச்சில் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைப்பார். அந்தப் பெண்ணுக்குப் பொதுவான ஒரு தொழில்நுட்ப ஆர்வத்தை எழுதிக் கொடுத்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நிறுவனத்தின் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, அவளையே எழுதச் சொன்னேன். கல்லூரியில் இறுதியாண்டில் விசைத்தறியில் இழை அறுவதை உணரிகளால் கண்டறியும் ஒரு சிறு செயல்திட்டம் செய்திருந்தாள். திண்ணையில் கேட்ட சத்தத்திலிருந்து அந்தச் செயல்திட்டம் வரை இரண்டு பக்கத்தில் எழுதினாள். ஆங்கிலத்தில் அங்கங்கே பிழை இருந்தது. தாராபுரத்துப் பெண்தான் திருத்திக் கொடுத்தார். சேர்க்கை கிடைத்தது அந்தக் கடிதத்தால்தான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அது அவளுடைய கடிதம்.

எல்லாவற்றிலும் பெரிய குறையை இப்போது சொல்கிறேன். நிறுவனத்தில் சேர்ந்த அன்றே மகளின் பெயரில் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியை அவர்களே உருவாக்கினார்கள். எல்லா விண்ணப்பங்களும் அந்த முகவரியிலிருந்தே போயின. கடவுச்சொல் அவர்களிடமே இருந்தது. கேட்டபோது, “அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க, பாப்பா தெரியாம எதையாச்சும் அமுத்திருச்சுன்னா சிக்கல்” என்று மேலாளர் சொன்னார். எங்களுக்கும் அது பாதுகாப்பான ஏற்பாடாகவே பட்டது.

மொத்தம் நான்கு விண்ணப்பங்கள். மூன்று யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாகப் போயின. அங்கே ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நான்காவது, மகள் மிகவும் விரும்பிய இடம், அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாகச் செலுத்தியது. மார்ச் முடிந்து ஏப்ரலும் பாதி போனது. அந்த நான்காவது இடத்திலிருந்து தகவல் இல்லை. இரண்டு முறை தொலைபேசியில் கேட்டோம். “வரும், பொறுங்க” என்றார்கள். மூன்றாவது முறை, “சீட் நிரம்பிருச்சுங்க” என்றார்கள். அந்த வார்த்தையில் ஏதோ ஒன்று மகளுக்கு நெருடியது. ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, நேரில் போய்க் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அங்கேயே வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தாள். ஏப்ரல் 3-ஆம் தேதி வந்த கடிதம் ஒன்று திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் இருந்தது. அவள் படித்த பாடங்களின் விரிவான பாடத்திட்டத்தைப் பத்து நாட்களுக்குள் அனுப்பும்படி பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அதற்கு மேலே, ஏப்ரல் 16-ஆம் தேதியிட்ட இன்னொரு கடிதம்: கேட்ட ஆவணம் வராததால் விண்ணப்பம் பரிசீலனையிலிருந்து நீக்கப்படுகிறது.

அவர்கள் கேட்ட பாடத்திட்டம் மகளின் மடிக்கணினியில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. எங்கள் கோப்பைப் பார்த்துவந்த ஊழியர் மார்ச் இறுதியில் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும், அவருடைய பொறுப்பில் இருந்த மின்னஞ்சல்களை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை என்றும் பிறகுதான் சொன்னார்கள். மகள் அழவில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, “அம்மா, தேதியப் பாரு” என்று மட்டும் சொன்னாள்.

அன்றே கடவுச்சொற்கள் அனைத்தையும் எழுதி வாங்கினோம், எல்லாவற்றையும் மாற்றினோம், மீதமிருந்த மூன்று விண்ணப்பங்களையும் அவளே நாள்தோறும் காலையில் வேலைக்குப் போகும் முன் பார்த்துவந்தாள். ஜூன் மாதம் இன்னோர் இடத்திலிருந்து இதே போன்ற ஒரு கேள்வி வந்தது. அரை மணி நேரத்தில் பதில் போனது. ஜூலையில் அங்கிருந்துதான் சேர்க்கைக் கடிதம் வந்தது. நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம், கல்விக் கட்டணம் இல்லாத இடம். கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: ஜெர்மனி என்றால் எங்கும் இலவசம் என்று நிறுவனத்தின் விளம்பரத்தில் இருக்கிறது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. இடத்துக்கு இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பணம் திரட்டிய கதைக்கு நிறுவனத்தின் பங்கு குறைவு, ஆனாலும் அவர்கள் கொடுத்த அறிவுரையையும் மதிப்பிட வேண்டும். விசாவுக்கு முன், முதல் ஆண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2025 கோடையில் யூரோ நூறு ரூபாயை ஒட்டி நின்றதால் அது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். நிறுவனம் தனியார் நிதி நிறுவனம் ஒன்றின் முகவரை அங்கேயே அழைத்து அறிமுகப்படுத்தியது. பிணை வேண்டாம், ஒரு வாரத்தில் பணம், ஆனால் வட்டி வங்கியைவிடக் கூடுதல். அவசரத்தில் இருப்பவர்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் பெருந்துறையில் அரசுடைமை வங்கிக்குப் போனோம். 7.5 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டுமானால் சொத்துப் பிணை கேட்கிறார்கள். மூன்று ஏக்கர் காடு இருக்கிறதே என்ற தைரியத்தில் என் கணவர் பட்டா, சிட்டா எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்குப் பிணையாக எடுக்க முடியாது என்று கிளை மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். கடன் திரும்பாவிட்டால் வங்கி நேரடியாகச் சொத்தைக் கைப்பற்றுவதற்கான சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது காரணம். எங்கள் பக்கத்தில் நிலம்தான் சொத்து. வீடு என்பது அந்த நிலத்தில் நிற்கும் ஒரு கட்டடம். ஆகவே இந்த ஒரு தகவலைக் கல்வி ஆலோசனை நிறுவனம் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் பெருந்துறையில் என் பெயரில் இருந்த அங்கீகரிக்கப்பட்ட மனையை வைத்தோம். மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஐந்து வாரம் ஓடியது. சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல் மே மாதமே மனையின் காகிதங்களை எடுக்கத் தொடங்கியதால் மட்டுமே ஆகஸ்டுக்குள் முடிந்தது. இந்தக் கடன் பணத்தில் அனுப்பியதால் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை மீதான முன்வரி பிடிக்கப்படவில்லை. வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால்.

விசாவுக்கான தயாரிப்பில் நிறுவனம் மறுபடி தன் தரத்துக்கு வந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி, விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்டு மனுச் செய்யும் வசதியை உலகெங்கும் எடுத்துவிட்டது. மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் தடவையிலேயே கோப்பு குறையில்லாமல் இருந்தாக வேண்டும். அதைத் தாராபுரத்துப் பெண் நன்கு உணர்ந்திருந்தார். சென்னை விண்ணப்ப மையத்துக்குப் போகும் முன் இரண்டு முறை கோப்பை முழுவதும் பிரித்து அடுக்க வைத்தார். ஏன் இந்தப் படிப்பு, முடித்த பிறகு என்ன என்று கேள்வி கேட்டு மகளைப் பேச வைத்தார். 75 யூரோ விசாக் கட்டணத்துக்கு எந்த வடிவில் பணம் கொண்டுபோக வேண்டும் என்பது வரை குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை, அந்தப் பருவத்தில் போகும் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்ற விதி, எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார்கள். பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றும் சொன்னார்கள். என் அம்மா ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வாங்கி வந்து, முருங்கை இலை போட்டுக் காய்ச்சி, ஒரு கிலோ நெய்யை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி வைத்திருந்தார். “அரிசிம்பருப்புச் சோத்துக்கு நெய் இல்லாம எப்புடி கண்ணு திங்கறது” என்று அம்மிச்சி கேட்டதற்கு மகளிடம் பதில் இல்லை. தூக்கு எங்கள் வீட்டில் தங்கியது. கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் போயின. விமான நிலையத்தில் வைத்துக் குப்பையில் கொட்டும்படி ஆகாமல் காத்தது அந்த வகுப்பு.

இரண்டாம் தவணையான 23,600 ரூபாயைப் பற்றி மேலாளரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். தவறவிட்ட மின்னஞ்சலின் இரண்டு தேதிகளையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். அவர் மறுக்கவில்லை, பாதியைத் தள்ளுபடி செய்தார். மீதியைக் கட்டிவிட்டு ரசீது வாங்கினேன். மின்னஞ்சல் முகவரியை மாணவரின் கையிலேயே கொடுத்துவிட்டு ஒரு நகல் மட்டும் தங்களுக்கு வரும்படி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்.

என் மதிப்பீடு இதுதான்: ஆவணம் சரிபார்த்தல், ஏ.பி.எஸ். கோப்பு, விசாத் தயாரிப்பு மூன்றுக்கும் இந்த நிறுவனத்தை நம்பிப் போகலாம், கொடுக்கும் பணம் வீண்போகாது. பல்கலைக்கழகத் தேர்வுக்கும், கடிதம் எழுதுவதற்கும், கடனுக்கும் போக வேண்டாம். பத்து மதிப்பெண்ணுக்கு ஐந்து போடுவேன். ஐந்தும் ஒரே மேசைக்கு உரியவை.

அடுத்த ஆண்டுக்கு என் தங்கை மகன் தயாராகிறான், கோபியில் இருக்கிறான். போன வாரம் அவனை அழைத்துக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறினேன். ஆவணப் பணிக்கு மட்டும் தனியாக ஒரு தொகை பேசி முடித்தோம். படிவத்தில் மின்னஞ்சல் என்ற கட்டத்தில் அவனுடைய சொந்த முகவரியை அவனே எழுதினான். தாராபுரத்துப் பெண் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலை எடுத்தார்.